இது சோம்பலல்ல, சகோதரிகளே!



அன்பின் சகோதரிகளே! மார்க்கச் சட்டம் கேட்டு வருவோரில் ஒரு சாரார் கேட்கும் விதமே வேறாக இருக்கும். பெரும்பாலும் முப்பது, நாற்பது வயதுப் பெண்கள். "உட்கார்ந்து தொழலாமா? நோன்பை விடலாமா?" என்று தொடங்குவார்கள். என்ன நோய் என்று கேட்டால் பதில் சொல்லத் தயங்குவார்கள். "நோயென்று ஒன்றும் இல்லை மௌலவி. இரத்தம் சோதித்தார்கள், எல்லாம் சரி என்கிறார்கள். ஆனால் என்னால் முடியவில்லை" என்பார்கள். கடைசியில் குரலைத் தாழ்த்தி, "வீட்டில் என்னைச் சோம்பேறி என்கிறார்கள்" என்று சேர்ப்பார்கள்.

இம்மாதம் அந்தச் சகோதரிகளுக்காகவும், அவர்களுடைய கணவன்மார், உம்மாமார், மாமிமாருக்காகவும் எழுதுகிறேன். வைத்தியம் எனது துறையன்று. துறைசார்ந்தோர் எழுதி வெளியிட்டவற்றில் தெளிவானதை மட்டும் சொல்லி, மார்க்கத்தின் பக்கத்தை அதனோடு சேர்த்து வைக்கிறேன். உங்கள் உடம்பைப் பற்றிய முடிவை உங்கள் வைத்தியரோடு பேசி எடுத்துக் கொள்ளுங்கள்.

களைப்பு வேறு, களைப்பு நோய் வேறு

வேலை செய்தால் களைக்கும். நோன்புப் பெருநாளுக்கு முந்திய இரவு வீடு கூட்டி, பலகாரம் சுட்டு, பிள்ளைகளின் உடுப்பை மினுக்கி வைத்தவளுக்கு மறுநாள் இடுப்பு நோகும். ஓர் இரவு நன்றாகத் தூங்கினால் அது தீரும். இது எல்லோருக்கும் உள்ளது.

நாம் பேசப் போவது அதுவல்ல. தூங்கி எழும்பியும் தூங்காதவளைப் போல் இருக்கும் ஒரு நிலை அது. மாதக் கணக்கில் நீடிக்கும். வைத்தியர்கள் இதனை நாட்பட்ட களைப்பு நோய் என்பார்கள். ஆங்கிலத்தில் 'குரோனிக் ஃபெட்டீக் சின்ட்ரோம்' என்றும், 'எம்.ஈ.' என்றும் பெயர். இதற்கு நான்கு முக்கிய அடையாளங்களைச் சொல்கிறார்கள். முன்பு செய்த வேலைகளைச் செய்ய முடியாத அளவுக்குக் கடுமையான களைப்பு. தூங்கியும் தீராத அசதி. நினைவு தடுமாறி, சொல் வராமல், படித்த வரியையே திரும்பப் படிக்க வைக்கும் மூளை மந்தம். நான்காவது, சிறு வேலைக்குப் பிறகும் உடம்பு மொத்தமாக விழுந்துவிடுவது. இந்த நான்காவதுதான் இந்நோயின் சொந்த அடையாளம். எழுந்து நின்றால் தலைச்சுற்றும் படபடப்பும் வருவதும் பலரிடம் காணப்படும்.

அந்த வீழ்ச்சி உடனே வருவதில்லை என்பதை நன்றாகக் கவனியுங்கள். பெரும்பாலும் பன்னிரண்டு மணித்தியாலம் முதல் இரண்டு நாட்கள் கழித்தே வரும். ஓர் உதாரணம் சொல்கிறேன். திங்கட்கிழமை ஒரு சகோதரிக்கு உடம்பு கொஞ்சம் லேசாக இருக்கிறது. தேங்கிக் கிடந்த உடுப்பையெல்லாம் கழுவிக் காயப்போடுகிறாள். குசினியைத் துப்புரவாக்குகிறாள். பின்னேரம் வந்த விருந்தாளிகளுக்குத் தேநீரும் கொடுக்கிறாள். அன்று ஒன்றும் ஆகவில்லை. செவ்வாய் இரவிலோ புதன் காலையிலோ கால் கை கனத்துப் போகிறது. தொண்டை நோகிறது. வெளிச்சமும் சத்தமும் பொறுக்க முடியவில்லை. ஒரு கோப்பையைக் கழுவி வைக்கவும் கை எழவில்லை. அப்போது வீட்டில் என்ன சொல்வார்கள்? "முந்தாநாள் நன்றாகத்தானே ஓடியாடித் திரிந்தாய்? இன்றைக்கு என்ன வந்தது?" என்பார்கள். இன்றைக்கு வந்தது, முந்தாநாள் ஓடியாடித் திரிந்ததன் விளைவுதான்! இடையில் ஒரு நாள் கழிந்துவிட்டதால் இரண்டையும் யாரும் சேர்த்துப் பார்ப்பதில்லை. சில வேளை அவளும் பார்ப்பதில்லை.

இது யாருக்கு வருகிறது?

பலருக்கு இது ஒரு தொற்றுக் காய்ச்சலுக்குப் பின்னர் ஆரம்பிக்கிறது. நமது கரையோர ஊர்களுக்குக் காய்ச்சல்கள் புதியனவல்ல. 2006ஆம் ஆண்டின் இறுதியில் சிக்குன்குன்யா இலங்கையில் பரவியபோது கல்முனைப் பிரதேசமும் பாதிக்கப்பட்ட பகுதிகளில் ஒன்றாக இருந்தது. டெங்கு மழைக்காலம் தோறும் வருகிறது. 2020 முதல் கொரோனாவையும் கண்டோம். இக்காய்ச்சல்களுக்குப் பின் சில வாரங்கள் அசதி நீடிப்பது சாதாரணம். அநேகருக்கு அது மெல்ல மெல்லத் தீர்ந்துவிடும். ஒரு சிலருக்கு மட்டும் தீர்வதில்லை. கொரோனாவுக்குப் பின் மாதக்கணக்கில் எழும்ப முடியாமற்போனவர்கள் உலகமெங்கும் பேசத் தொடங்கிய பின்னரே, பல நாடுகளின் வைத்தியர்கள் இப்பழைய நோயைத் திரும்பிப் பார்த்தார்கள்.

ஐக்கிய அமெரிக்காவில் 2021, 2022 ஆகிய ஆண்டுகளில் அரசாங்கம் நடத்திய கணக்கெடுப்பில், வயது வந்தோரில் நூற்றுக்கு 1.3 பேர் தமக்கு இந்நோய் இருப்பதாகக் கூறினர். ஆண்களில் 0.9, பெண்களில் 1.7. அதாவது பெண்கள் ஏறத்தாழ இரு மடங்கு.

இது மேல்நாட்டார் நோய் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. இந்தியாவின் கோவாவில் டொக்டர் விக்ரம் பட்டேலும் அவரது குழுவினரும் ஏறத்தாழ 2,500 பெண்களைக் கண்டு விசாரித்து, 2005இல் முடிவை வெளியிட்டார்கள். ஆறு மாதமோ அதற்கு மேலோ நீடித்த களைப்பு தமக்கு இருப்பதாகச் சொன்ன பெண்கள் நூற்றுக்குப் பன்னிரண்டு பேர். இவர்கள் எல்லோருக்கும் நான் மேலே சொன்ன நோய்தான் என்பதல்ல. அந்த ஆய்வில் களைப்போடு சேர்ந்து காணப்பட்டவை வறுமை, கடன், மனவேதனை, கணவனின் கொடுமை போன்றவை. இரத்தத்தின் ஹீமோகுளோபின் அளவுக்கும் அக்களைப்புக்கும் தொடர்பு காணப்படவில்லை. "இரத்தம் குறைவு, டொனிக் குடி" என்று பெண்ணின் களைப்பை ஒரே சொல்லில் முடித்துவிடும் நமக்கெல்லாம் இது ஒரு பாடம்.

அதற்காக இரத்தம் சோதிக்கத் தேவையில்லை என்று எண்ணிவிடாதீர்கள். இரத்தச் சோகை, தைராய்டு, நீரிழிவு, சிறுநீரகக் கோளாறு, காச நோய், மனச்சோர்வு நோய் என எத்தனையோ காரணங்களால் களைப்பு வரும். அவற்றுக்கு மருந்து உண்டு. ஆகவே முதலில் ஆஸ்பத்திரிக்குச் சென்று அவை இல்லையென்று உறுதிப்படுத்த வேண்டும். உடல் மெலிந்து போதல், நீங்காத காய்ச்சல், நெஞ்சு நோவு, மூச்சுத் திணறல் இருந்தால் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம். "கண்ணூறாக இருக்கும்" என்று தண்ணீர் ஓதிக் குடித்து மாதங்களைக் கடத்துவோரும் நம்மிடையே இருக்கிறார்கள். ஓதுங்கள், துஆச் செய்யுங்கள், வைத்தியரிடமும் செல்லுங்கள். மருந்து செய்யும்படி நமக்குக் கற்றுத் தந்தவர்கள் நமது நபி (ஸல்) அவர்களே.

பெண்கள் சொன்னால் நம்பாத வரலாறு

லண்டன் மாநகரில் 'ரோயல் ஃப்ரீ' என்றொரு பெரிய ஆஸ்பத்திரி. 1955ஆம் ஆண்டு ஜூலை மாதம் அங்கு வேலை செய்தவர்களிடையே ஒரு விநோதமான நோய் பரவியது. கடும் களைப்பு, தசை நோவு, தலைச்சுற்று. அவ்வாண்டு நவம்பர் வரை ஊழியர்களில் 292 பேர் பாதிக்கப்பட்டார்கள். தாதியரும் டொக்டர்மாரும் அவர்களில் இருந்தனர். ஆஸ்பத்திரியையே ஒக்டோபர் வரை மூட வேண்டியதாயிற்று. ஆச்சரியம் என்னவென்றால், ஏற்கெனவே அங்கே படுத்திருந்த நோயாளிகளில் பன்னிரண்டு பேருக்கே அது தொற்றியது. டொக்டர் மெல்வின் ராம்ஸே அந்நோயாளிகளைக் கண்டு, பல்லாண்டு காலம் இந்நோயைப் பற்றி எழுதி வந்தார்.

பதினைந்து வருடம் கழித்து, 1970இல், இரண்டு மனநோய் வைத்தியர்கள் பழைய குறிப்பேடுகளைப் புரட்டிப் பார்த்து, இது கூட்டத்தோடு வந்த 'ஹிஸ்டீரியா' என்று எழுதினார்கள். பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பான்மையோர் பெண்களாக இருந்ததை அவர்கள் அதற்கு ஓர் ஆதாரமாக எடுத்துக் கொண்டார்கள். அப்பெண்களில் ஒருவரையேனும் நேரில் கண்டு பேசவில்லை! உலக சுகாதார நிறுவனம் அதற்கு முந்திய வருடமே, 1969இல், இதனை நரம்பு மண்டல நோய்களின் வரிசையில் சேர்த்திருந்தது. ஆனாலும் ஹிஸ்டீரியா என்ற சொல் பல்லாண்டு காலம் நோயாளிகளைத் துரத்தியது.

"எழும்பி நட, வேலை செய், சரியாகிவிடும்" என்ற அறிவுரையும் அந்த வழியிலேயே நீண்ட காலம் தொடர்ந்தது. உடற்பயிற்சியை வாரா வாரம் கூட்டிக்கொண்டு போகும்படி 2007இல் இங்கிலாந்தின் வைத்திய வழிகாட்டியே சொன்னது. செய்து பார்த்த நோயாளிகள் பலர், தாம் முன்னரிலும் மோசமானதாக முறையிட்டார்கள். ஆதாரங்களை மீண்டும் ஆராய்ந்து, 2021 ஒக்டோபரில் அந்த வழிகாட்டி மாற்றப்பட்டது. பயிற்சியைக் கூட்டிக்கொண்டே போகும் அம்முறையை இந்நோய்க்குக் கொடுக்கக் கூடாது என்று புதியது கூறுகிறது. அதற்குப் பதிலாக, இருக்கும் சக்தியை அளந்து செலவழிக்கக் கற்றுக் கொடுங்கள் என்கிறது. நீரிழிவுக்கு நடப்பது நல்லது. அதனால் இந்நோய்க்கும் நடப்பது நல்லதாகத்தான் இருக்க வேண்டும் என்று பக்கத்து வீட்டார் சொன்னால் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

ஐந்து சுண்டு அரிசி

சக்தியை அளந்து செலவழிப்பது என்றால் என்ன? குசினிக் கணக்கிலேயே சொல்கிறேன்.

சுகதேகியின் வீட்டில் அரிசி மூடை இருக்கிறது. இன்றைக்கு விருந்தாளி கூடினால் இரண்டு சுண்டு கூடப் போடலாம். நாளைக்குப் பஞ்சம் வராது. இந்நோயுள்ளவளுக்குக் காலையில் கிடைப்பது ஐந்து சுண்டு. சில நாள் நாலு, சில நாள் மூன்று. குளிக்க ஒரு சுண்டு, சமைக்க இரண்டு சுண்டு என்று ஒவ்வொன்றுக்கும் அளந்து போட வேண்டும். ஆறாவது சுண்டுக்கு எங்கே போவது? நாளைக்குரியதைக் கடன் வாங்குவாள். அந்தக் கடனுக்கு உடம்பு வட்டியும் சேர்த்துக் கேட்கும்! ஒரு சுண்டுக்கு மூன்று நாள் படுக்கை என்று வாங்கிக் கொள்ளும். வட்டியின் கொடுமை நமக்குத் தெரியாததா?

ஆகவே இந்நோயில் வழி ஒன்றுதான். இன்றைக்கு உள்ளது எவ்வளவு என்று பார்த்து, அதற்குச் சற்றுக் குறைவாகவே செலவழித்து, கொஞ்சத்தை மிச்சம் பிடித்து வைப்பது. இதனைப் பூரணமாகக் குணப்படுத்தும் மருந்து இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. நோவுக்கும் தூக்கத்துக்கும் தலைச்சுற்றுக்கும் வைத்தியர் மருந்து தரலாம். ஆனால் வீழ்ச்சிக்கு மேல் வீழ்ச்சி வராமல் காத்துக் கொள்வது நோயாளியின் கையிலும், அதைவிட அதிகமாக அவளுடைய வீட்டாரின் கையிலும் இருக்கிறது.

எப்படித் தொடங்குவது?

பிள்ளைகளின் பழைய கொப்பி ஒன்றை எடுங்கள். இரண்டு கிழமைக்கு, அன்றன்று செய்தவற்றைச் சுருக்கமாகக் குறியுங்கள். எவ்வளவு நேரம் நின்றீர்கள், எப்போது படுத்தீர்கள், உடம்பு எப்படி இருந்தது என்று எழுதுங்கள். எழுத முடியாவிட்டால் மகளிடம் சொல்லி எழுதுவியுங்கள். பின்னர், விழுந்துபோன நாளை எடுத்து, அதற்கு முந்திய இரண்டு நாட்களையும் பாருங்கள். எந்த வேலை உங்களை விழுத்துகிறது என்பது தெரியவரும். ஒருத்திக்கு அது உடுப்புக் கழுவுவதாக இருக்கும். இன்னொருத்திக்கு ஒரு மணித்தியாலம் போனில் பேசியதாக இருக்கும். அந்தக் கொப்பியை வைத்தியரிடமும் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

அடுத்து, மோசமான நாளிலும் உங்களை விழுத்தாமல் செய்யக்கூடியது எவ்வளவு என்று பாருங்கள். அதுதான் உங்கள் அளவு. அது மிகக் குறைவாக இருக்கலாம். அதற்காக வெட்கப்பட வேண்டாம். அந்த அளவுக்குள் வேலைகளைத் துண்டு துண்டாக்குங்கள். பத்து நிமிடம் மரக்கறி வெட்டினால் பத்து நிமிடம் படுத்துக் கொள்ளுங்கள். களைத்த பிறகு ஓய்வெடுப்பது எல்லோரும் செய்வது. நீங்கள் களைப்பதற்கு முன்னரே ஓய்வெடுக்க வேண்டும்.

ஓய்வு என்றால், கண்ணை மூடி, சத்தமில்லாத இடத்தில் சாய்ந்து கிடப்பது. போனைப் பார்த்துக் கொண்டு கிடப்பது ஓய்வல்ல. கணக்குப் பார்ப்பதும், பிள்ளைக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பதும், வாக்குவாதப்படுவதும், அழுவதும் அதே ஐந்து சுண்டிலிருந்தே போகின்றன. உடம்பு அசையவில்லை என்பதற்காகச் சக்தி செலவாகவில்லை என்று எண்ண வேண்டாம்.

நின்று செய்வதை உட்கார்ந்து செய்யுங்கள். அடுப்படியில் ஒரு கதிரை போட்டுக் கொள்ளுங்கள். உட்கார்ந்து குளியுங்கள். தேங்காய் துருவுவது, வாளி தூக்குவது, ஈர உடுப்புப் பிழிவது போன்றவற்றை இன்னொருவரிடம் விட்டுவிடுங்கள். நமது ஊர் வெயில் இந்நோயாளிகளுக்குப் பெரும் எதிரி. முற்றத்து வேலையைக் காலையிலேயே வீட்டார் முடிக்கட்டும். இடியப்பம் ஒவ்வொரு நாளும் வீட்டிலேதான் அவிக்க வேண்டுமென்று எந்தக் கட்டாயமும் இல்லை. கடையில் வாங்கிய பாணும் பருப்பும் ஹலாலான உணவுதான்.

நல்ல நாளில்தான் கவனம் அதிகம் தேவை. உடம்பு லேசாக இருக்கும் நாளில் தேங்கிய வேலை எல்லாம் கண்ணுக்குத் தெரியும். "இன்றைக்கு முடித்துவிடுவோம்" என்று மனம் சொல்லும். சோம்பேறி என்று கேட்டுக் கேட்டுப் புண்பட்ட மனம், தன்னால் முடியும் என்று காட்டத் துடிக்கும். அந்த நாளில்தான் பலர் விழுகிறார்கள். நல்ல நாளிலும் அதே அளவுதான் என்று வைத்துக் கொள்ளுங்கள். சில வாரங்கள் தொடர்ந்து வீழ்ச்சியில்லாமல் இருந்தால், ஒன்றிரண்டு நிமிடங்களைக் கூட்டிப் பார்க்கலாம். பின்னடைந்தால் பழைய இடத்துக்குத் திரும்புங்கள்.

கலியாண வீடு, பெருநாள், பயணம் போன்றவை தவிர்க்க முடியாதவை. அவற்றுக்கு முன் இரண்டு நாளும் பின் இரண்டு மூன்று நாளும் ஓய்வுக்கென்று ஒதுக்கி வையுங்கள். வலீமாவுக்கு அரை மணித்தியாலம் சென்று, மணப்பெண்ணுக்குத் துஆச் செய்துவிட்டுத் திரும்பினால் உறவு முறிந்துவிடாது. தொண்டை நோவு, கை கால் கனம், சத்தம் பொறுக்காமை என்று உங்கள் உடம்பு தரும் முன்னறிவிப்பைத் தெரிந்து வைத்து, அது வந்தவுடன் கையிலுள்ள வேலையை அப்படியே விட்டுவிட்டுப் படுங்கள்.

இந்நோய் முற்றிப் படுக்கையை விட்டு எழும்ப முடியாத சகோதரிகளும் உள்ளனர். அவர்களுக்குப் பேச்சும் வெளிச்சமும் கூடச் செலவுதான். அவர்களை எழும்பி நடக்கச் சொல்லி வற்புறுத்துவது அநியாயம்.

அன்னை ஸைனபின் கயிறு

இப்போது மார்க்கத்துக்கு வருவோம். புகாரி, முஸ்லிம் ஆகிய இரண்டு கிரந்தங்களிலும் பதிவான ஒரு சம்பவம். நபி (ஸல்) அவர்கள் பள்ளிவாசலுக்குள் வந்தபோது இரண்டு தூண்களுக்கிடையே ஒரு கயிறு கட்டியிருந்தது. என்ன கயிறு என்று விசாரித்தார்கள். அது அன்னை ஸைனப் (ரழி) அவர்களுடையது, நின்று தொழுது களைத்துப் போனால் அதைப் பிடித்துக் கொள்வார்கள் என்று கூறப்பட்டது. நபியவர்கள் அதை மெச்சவில்லை. கயிற்றை அவிழ்க்கச் சொன்னார்கள். உற்சாகம் உள்ளவரை தொழுது, களைத்தால் உட்கார்ந்துவிட வேண்டும் என்று பணித்தார்கள்.

சகோதரிகளே, சுகமாக இருந்த ஒரு பெண்மணிக்கு, அதுவும் இபாதத்திலேயே, இந்தக் கட்டளை! அப்படியாயின் நோயுற்ற ஒருத்தி பாத்திரம் கழுவுவதற்காகக் கயிற்றைப் பிடித்துக் கொண்டு நிற்க வேண்டுமா?

தொழுகையை எந்த நிலையிலும் விட முடியாது. ஆனால் அதன் வடிவம் இலேசாக்கப்பட்டிருக்கிறது. மூல நோயால் அவதிப்பட்ட இம்ரான் இப்னு ஹுஸைன் (ரழி) அவர்களுக்கு, நிற்க முடியாவிட்டால் உட்கார்ந்தும், அதற்கும் முடியாவிட்டால் ஒருக்களித்துப் படுத்தும் தொழும்படி நபியவர்கள் காட்டித் தந்தார்கள். நின்று தொழுதால் உடம்பு விழுந்துவிடும் என்பது அனுபவத்தால் தெரிந்த ஒருத்தி உட்கார்ந்து தொழுவது அச்சலுகைக்குள் அடங்கும். இயலாமையால் உட்கார்ந்து தொழுபவளின் பர்ளுக்குக் கூலி குறையாது. வுழூவுக்கு இன்னொருவர் தண்ணீர் ஊற்றலாம், உட்கார்ந்தே செய்யலாம். நோய்க்காக இரு தொழுகைகளைச் சேர்த்துத் தொழுவது நமது ஷாஃபிஈ மத்ஹபின் பிரபலமான கருத்தில் இல்லை. ஆயினும் இமாம் நவவி (ரஹ்) அவர்கள் அதை அனுமதிக்கும் கருத்தை வலுவானதாகக் கண்டுள்ளார்கள். மிகவும் சிரமப்படுபவர்கள் தமது ஊர் ஆலிமிடம் நிலையைச் சொல்லிக் கேட்டுக் கொள்ளட்டும்.

நோன்பினால் நோய் கூடும் என்று நம்பிக்கையான வைத்தியர் சொன்னால், அல்லது முந்திய நோன்புகளில் அதைக் கண்டறிந்திருந்தால், நோன்பை விடலாம். குணமடையும் எதிர்பார்ப்பு இருந்தால் பின்னர் கழாச் செய்ய வேண்டும். குணமாகும் எதிர்பார்ப்பு இல்லையென்று வைத்தியர் சொன்னால், ஒவ்வொரு நோன்புக்கும் ஒரு முத்து அரிசி ஃபித்யா. இந்நோயில் சிலர் காலப்போக்கில் தேறுவதால், எது பொருந்தும் என்பதை வைத்தியரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும். நோன்பு நோற்றாலும் நோற்காவிட்டாலும், ஸஹருக்கு எழும்பிச் சமைப்பதும், இப்தாருக்குக் கஞ்சி காய்ச்சிப் பலகாரம் சுடுவதும் நோயாளியின் கடமையல்ல. நோன்பு எல்லோருக்கும் பர்ளு. பற்றிஸ் யாருக்கும் பர்ளு அல்ல!

"முன்பு தஹஜ்ஜுத் தொழுதேன், இப்போது முடியவில்லையே" என்று கலங்கும் சகோதரிக்கு ஒரு நற்செய்தி உண்டு. ஓர் அடியான் நோயுற்றால், சுகமாக இருந்தபோது அவன் செய்து வந்த அமல்களின் நன்மை அப்படியே எழுதப்படுகிறது என்பது புகாரியில் வரும் ஹதீஸின் கருத்து. உங்கள் ஏடு மூடப்படவில்லை.

கணவன்மாருக்கும் வீட்டாருக்கும்

கடைசியாகச் சொல்வதே முக்கியமானது. சக்தியை அளந்து செலவழி என்று பெண்ணுக்குச் சொல்லிவிட்டு, வீட்டு வேலை முழுவதையும் அவள் தலையிலேயே வைத்திருந்தால் அந்த அறிவுரையால் ஆவது என்ன?

அரபுக் கல்லூரிகளில் ஓதப்படும் இமாம் நவவி (ரஹ்) அவர்களின் 'மின்ஹாஜ்' கிரந்தத்தில், மனைவியின் செலவுக் கடமைகளைப் பற்றிய பாடத்தில் ஒரு சட்டம் இருக்கிறது. நோயினாலோ நீடித்த இயலாமையினாலோ மனைவிக்குப் பணிவிடை தேவைப்பட்டால், அதற்கு ஏற்பாடு செய்வது கணவன் மீது கட்டாயம். அவள் பிறந்த வீட்டில் பணிப்பெண் வைத்துப் பழக்கமில்லாதவளாக இருந்தாலும் சரியே. இது தயவுதாட்சண்யம் அல்ல, அவளுடைய உரிமை. கூலிக்கு ஆள் வைக்க வசதியில்லாவிட்டால் என்ன செய்வது? நபி (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று அன்னை ஆயிஷா (ரழி) அவர்களிடம் கேட்கப்பட்டபோது, தமது குடும்பத்தாரின் வேலைகளில் ஈடுபட்டிருப்பார்கள், தொழுகை நேரம் வந்தால் புறப்பட்டுவிடுவார்கள் என்று சொன்னார்கள். உடுப்புக் கழுவுவதால் உங்கள் கண்ணியம் குறையுமென்றால், யாருடைய கண்ணியத்தோடு ஒப்பிடுகிறீர்கள்?

நமது கிழக்குக் கரையில் அல்லாஹ் ஒரு வசதியைத் தந்திருக்கிறான். இங்கே பெண் பிறந்த வளவிலேயே வீடு கட்டிக் குடியிருக்கிறாள். உம்மா பக்கத்தில், ராத்தாவும் தங்கைமாரும் வேலிக்கு அப்பால். ஒரு நாள் ஒரு வீட்டில் ஒரு கறி கூடச் சமைத்தால் போதும். ஒருத்தியின் இரண்டு சுண்டு மிஞ்சிவிடும். ஆனால் அதே நெருக்கம்தான் கதை பேசவும் வழி செய்கிறது. "அவள் படுத்தே கிடக்கிறாள்" என்ற சொல் வேலியைத் தாண்டுவதற்கு முன்னால், ஒரு பாத்திரம் சோறு தாண்டட்டும்.

ஆண் பிள்ளைகளையும் பழக்குங்கள். பத்து வயது மகன் தனது கோப்பையைக் கழுவலாம், முற்றம் கூட்டலாம். மகள் மட்டும்தான் உம்மாவின் சுமையைச் சுமக்க வேண்டுமென்பதில்லை. பெண் பிள்ளையின் படிப்பை அதற்காக நிறுத்திவிடாதீர்கள்.

நோயாளியிடம் பேசும்போது, "இன்றைக்காவது எழும்பினாயா?" என்று கேட்காதீர்கள். "இன்றைக்கு எதை நான் செய்யட்டும்?" என்று கேளுங்கள். அவள் உட்கார்ந்திருப்பதைக் கண்டால், இன்றைய பங்கை அளவோடு செலவழிக்கிறாள் என்று எடுத்துக் கொள்ளுங்கள். அவள் சிரித்துப் பேசுவதைக் கண்டு, சுகமாகிவிட்டாள் என்று வேலையை நீட்டாதீர்கள்.

சகோதரிகளே! உங்களுக்கு இந்நோய் இருந்தால், நாளைக் காலை ஒரு வேலையை மட்டும் தெரிந்தெடுத்து, அதைச் செய்யாமல் விடுங்கள். வீட்டில் யாரிடம் அதைக் கொடுப்பது என்று இன்றிரவே பேசிக் கொள்ளுங்கள். கேட்க வெட்கமாக இருந்தால் இந்தப் பக்கத்தை அவரிடம் வாசிக்கக் கொடுங்கள்.

யா அல்லாஹ்! நோயுற்றிருக்கும் எமது பெண்களுக்குப் பூரண சுகத்தைத் தருவாயாக! அவர்களைச் சூழ இருப்போரின் உள்ளங்களில் இரக்கத்தைப் போடுவாயாக! சொல்லால் அவர்களைப் புண்படுத்துவதிலிருந்து எமது நாவுகளைக் காப்பாயாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.